ஒற்றை நிற ஒளி

பூம்புகாரில், பள்ளி சென்றறியாத என் தாயார் ஒருநாள், "காலேஜுல என்னப்பா படிக்கிறே?" என்றார். அவ்வேளை மீன் குழம்பு பொங்கி வழிந்து, அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாயிற்று. "இதைத்தாம்மா!" என்றேன்.

உப்பிலுள்ள சோடியம் தரும் ஒளி அது. எங்கள் ஆய்வுக்கூடச் சோடியம் விளக்கும் அம்மஞ்சளே. கண்ணுக்கு ஒரே நிறம், நிறமாலைமானியிலோ 589.0, 589.6 நானோமீட்டர் என இரு கோடுகள்.

சிவப்பும் பச்சையும் கலந்த ஒளியும் கண்ணுக்கு மஞ்சளே. விழித்திரையின் மூவகைக் கூம்புச் செல்கள் அலைநீளத்தை அளப்பதில்லை. அவற்றின் தூண்டல்கள் ஒப்பிடப்படுகின்றன. முப்பட்டகம் அக்கலவையைப் பிரித்துக் காட்டிவிடும்.

1928இல் சர் சி. வி. இராமன் பாதரச விளக்கின் ஒளியைத் திரவங்களில் செலுத்தினார். அதன் நிறங்கள் தனிக்கோடுகளாக இருந்ததால்தான், சிதறலில் தோன்றிய புதுக்கோடுகள் புலப்பட்டன.

ஆதலின் நண்பர்களே, ஒற்றை நிறமென்பது கண்ணின் தீர்ப்பன்று, அலைநீளத்தின் கணக்கு.

இப்போது குழம்பு வழிந்தால் அம்மா என்னைக் கூப்பிடுகிறார்.