பழவேற்காட்டுக்குத் திரும்பிப் போவோம்: கும்மிடிப்பூண்டிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வளர்ந்த பலருக்கும் சின்ன வயதில் விடுமுறை என்றால் பழவேற்காடுதான். கட்டுச்சோற்றுடன் போய், ஏரியைப் பார்த்து, நண்டு வாங்கித் திரும்பிய அந்த ஒரு நாளை நம் பிள்ளைகளுக்கும் காட்ட ஆசை வருவது இயல்பு. முதலிலிருந்து கடைசிவரை சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.

கிளம்பும் முன் என்ன செய்வது?

அம்மா அப்பாவிடம் பேசுவோம். எந்தப் பக்கம் இறங்கினோம், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம், யார் வீட்டில் தண்ணீர் கேட்டோம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். முடிந்தால் அவர்களையும் அழைத்துப் போவோம். அன்று நம்மைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். அதனால் இன்றைய திட்டத்தை அவர்களுடைய முழங்காலைக் கேட்டுத்தான் போட வேண்டும். அவர்கள் வந்தால் ஒரு நாளில் இரண்டு மூன்று இடம் போதும்.

எப்போது போகலாம்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். பூநாரைகள் வரும் பருவமும் அதுதான். ஒன்றை மட்டும் மனதில் வைப்போம்: பூநாரை ஆழமில்லாத நீரில் நின்று மேயும் பறவை. ஊர்க்கரையில் நின்றால் அது கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. பறவைக்காகவே போகிறோம் என்றால் அண்ணாமலைச்சேரி கரைக்குப் போகலாம். ரயிலில் சூலூர்பேட்டை போய், ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலையில் நின்றும் பார்க்கலாம். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவது நல்லது.

எப்படிப் போவது?

கும்மிடிப்பூண்டியில் சென்னை செல்லும் மின்சார ரயில் ஏறினால் அடுத்தது கவரைப்பேட்டை, அதற்கடுத்தது பொன்னேரி. அங்கே இறங்கி, ஷேர் ஆட்டோவில் பேருந்து நிலையம் போய், பழவேற்காடு பேருந்தைப் பிடிப்போம். பொன்னேரியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சொந்த வண்டி என்றால் தேசிய நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டுச்சாலை வரை வந்து பொன்னேரிக்குத் திரும்ப வேண்டும்.

பேருந்திலிருந்து இறங்கும்போதே, திரும்பும் வண்டிகளின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டு எழுதிக்கொள்வோம். கைக்குழந்தையோடு இருட்டில் நிறுத்தத்தில் காத்திருப்பது கொடுமை.

என்னென்ன பார்ப்பது?

வெயில் ஏறும் முன் டச்சுக் கல்லறை. சின்ன வயதில் நம்மில் பாதிப் பேர் அதன் வாசலைக் கண்டு பயந்திருப்போம்: இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். இப்போது பொறுமையாக நின்று பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்களில் எழுத்தும் குடும்பச் சின்னங்களும் இன்னும் கூர்மை குறையாமல் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், கற்களின் மேல் பிள்ளைகளை ஏற விடக் கூடாது.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இந்த ஊர்தான். ‘பழவேற்காடு கைக்குட்டை’ என்ற கட்டம் போட்ட துணி இங்கிருந்து கடல் கடந்து போனது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் மேடும்தான். ஆனாலும் இந்தக் கதையைக் கல்லறை வாசலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், அந்தப் புதருக்கு முன்னாலும் அவர்கள் நின்று பார்ப்பார்கள்.

பிறகு ஆதிநாராயணப் பெருமாள் கோயில், மகிமை மாதா திருத்தலம், பழைய பள்ளிவாசல் மூன்றும் ஒரே ஊருக்குள். நேரம் இருந்தால் பனையோலைப் பின்னல் வேலை பார்க்கும் பெண்களிடம் ஒரு கூடையாவது வாங்குவோம். மாலையில் பாலம் வழியாக லைட்ஹவுஸ் குப்பம் கடற்கரை.

எவ்வளவு ஆகும்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்கு மின்சார ரயில் கட்டணம் ஆளுக்கு 5 ரூபாய். பேருந்தும் மலிவுதான். பெரிய செலவு உள்ளூர் ஆட்டோவும் சாப்பாடும். ஆட்டோவை இடத்துக்கு இடம் பேசாமல், பார்க்கும் எல்லா இடங்களையும் சொல்லி மொத்தமாகப் பேசி முடிப்போம். நாலு பேர் குடும்பம் 2,000 ரூபாய் எடுத்து வைத்தால் நெருக்கடி இருக்காது. மீன் வாங்கும் பணம் தனி.

எதில் கவனம் வேண்டும்?

படகு. சிறுவயதில் ஏரியில் படகேறிய நினைவு நமக்கு இருக்கலாம், பிள்ளைகளும் கேட்பார்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் யாராவது ரகசியமாகக் கூப்பிட்டால் மறுத்துவிடுவோம். அந்தப் படகுகள் மீன்பிடிக்கக் கட்டியவை, ஆள் ஏற்ற அல்ல. முகத்துவாரத்தில் நீரோட்டம் பலமானது, அங்கே குளிக்கவும் வேண்டாம்.

நண்டு வாங்குவது எப்படி?

தெர்மோகோல் பெட்டியை வீட்டிலிருந்தே எடுத்துப் போவோம். உயிரோடு அசைகிற, கையில் கனமாக இருக்கிற நண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும், பெரிதாக இருந்தும் லேசாக இருந்தால் சதை இருக்காது. கொடுக்குகளைக் கட்டித் தரச் சொல்வோம். இறால் தலை கறுத்திருந்தால் விட்டுவிடுவோம். கிளம்புவதற்குச் சற்று முன் வாங்கி, மீனுக்கும் இறாலுக்கும் அடியிலும் மேலும் ஐஸ் போடுவோம். நண்டை ஈரச் சாக்கில் தனியாகச் சுற்றிக்கொண்டால் வீடு வரும்வரை உயிரோடு இருக்கும்.