எத்தனை கேள்விகள் கேட்கலாம்?
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவி)

கணிப்பொறிக்கு உயிரூட்டுவது இயங்குதளம் என்னும் மென்பொருள் என்பதை நண்பர்கள் அறிவீர்கள். அதைக் கணிப்பொறியில் நிறுவும்போது அது நம்மிடம் சில கேள்விகளைக் கேட்கிறது. எத்தனை கேள்விகள் கேட்பது முறை? எனக்கு இது வெறும் பாடமன்று.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸையும் விண்டோஸையும் ஒருங்கே கொண்ட மடிக்கணினிகள் இத்திட்டத்தில் வழங்கப்பட்டன. சிலமலையில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணிப்பொறி, என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்றதே. அவள் அத்துடன் படிப்பை நிறுத்திவிட்டாள். கல்லூரிக்கு வந்த எனக்கு அது கைமாறியது.

சென்ற ஆண்டு அது மிகவும் மெதுவாகிவிடவே, புதிதாக ஒரு லினக்ஸ் நிறுவ முனைந்தேன். மொழி எது என்பது முதல் கேள்வி. தமிழும் இருந்தது, கணிப்பொறி என்றால் ஆங்கிலந்தான் என்ற வீண் பெருமையில் ஆங்கிலத்தை அழுத்தினேன். பிறகு, 'முழு வட்டையும் பயன்படுத்துக' என்றது. எளிதாயிற்றே என்று மகிழ்ந்தேன். எச்சரிக்கை வந்தது, படிக்காமல் 'ஆம்' என்றேன். அக்காள் திருமணத்தில் எடுத்த, காலஞ்சென்ற என் தந்தையார் சிரிக்கும் ஒரே படம் அந்த வட்டில்தான் இருந்தது.

அப்படியானால் கேள்விகளைக் கூட்டவேண்டுமா? பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் நிறுவியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முதன்மை நிலை உண்டு. மொத்தம் நான்கு நிலைகள். சாதாரண முறையில் மேல் இரண்டு நிலைக் கேள்விகளே வரும். மற்றவற்றுக்கு முன்கூட்டியே வைத்த விடையை அதுவே எடுத்துக்கொள்ளும். வல்லுநர் முறையில் எல்லாக் கேள்விகளும் வரும். போடியில் ஏலக்காயைச் சல்லடையில் இட்டுத் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய் ஒன்றே, சல்லடையின் கண்தான் வேறு.

வட்டில் எழுதுமுன் கேட்கும் கடைசிக் கேள்விக்கு டெபியன் 'இல்லை' என்பதையே முன்விடையாக வைத்திருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால், எல்லாக் கோப்புகளையும் ஒரே பிரிவில் வைப்பதே புதியவர்க்கு ஏற்றது என்று அது பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை. நம் கோப்புகளுக்குத் தனிப் பிரிவு இருந்தால், அதைத் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் மீண்டும் நிறுவலாம். படி எடுத்து வைக்க வேறு வட்டு இல்லாத வீடுகளுக்கு இது பெரிய உதவி. ஒரு பிரிவு நிரம்பி மற்றொன்று வெறுமனே கிடக்கக்கூடும் என்பதும் உண்மைதான். இருக்கட்டுமே!

போன மாதம் அடுத்த தெருத் தம்பி ஒருவனின் மடிக்கணினிக்கு லினக்ஸ் நிறுவினேன். முதலில் அவன் கோப்புகளையெல்லாம் பென் டிரைவில் ஏற்றினேன். மொழிக்குத் தமிழைத் தேர்ந்தேன். மலைத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு வந்த அம்மா அருகில் அமர்ந்து, திரையில் வந்த எச்சரிக்கையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பாதியில் நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிஞ்சிரும்னு போட்டிருக்கே, எதுடி அழியும்?"