இடுப்பளவும் இலைச்சோறும்

ஆலய மலரில் தொப்பையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். விநாயகப் பெருமானுக்கே பெருவயிறுதானே என்று வேடிக்கையாகச் சொல்பவர்களும் உண்டு. அவர் வயிற்றுக்குள் அண்டங்கள் அனைத்தும் அடங்கியிருப்பதாகப் பெரியோர் சொல்வர். நம் வயிற்றில் அடங்கியிருப்பதோ நேற்றைய பிரியாணி.

தாதியாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றபின், சிங்கப்பூரில் ஆலயங்கள் நடத்தும் உடல்நலப் பரிசோதனைகளில் தொண்டு செய்து வருகிறேன். பெரும்பாலும் அளவுநாடா பிடிக்கும் வேலைதான் எனக்குக் கிடைக்கும். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறத் தயங்காதவர்கள்கூட நாடாவைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். “என் கால்சட்டை 34 அங்குலம்தான், எழுதிக்கொள்ளுங்கள்” என்பார்கள் ஆடவர்கள். அந்தக் கால்சட்டையை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருப்பார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளப்பதே சரியான அளவு. நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு ஆடவருக்கு 90 சென்டிமீட்டர், பெண்டிருக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லைக்கோடு. அதைத் தொட்டாலே எச்சரிக்கை தேவை.

எடை சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு செய்தி சொல்வதுண்டு. 2004ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தை வெளியிட்டார்கள். ஒருவர் புனே நகரைச் சேர்ந்த யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. வெளிப்பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதுவே நம் இந்தியர் பலரின் உடல்வாகு. கையும் காலும் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கும் நம் உறவினர்களை நினைத்துப் பாருங்கள்.

வயிற்றுக் கொழுப்பு இருவகை. விரலால் கிள்ளிப் பிடிக்க முடிவது தோலுக்கு அடியில் இருப்பது. அது தோற்றத்தைக் கெடுக்குமே தவிர அவ்வளவு பொல்லாதது அல்ல. குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே படிவதுதான் பொல்லாதது. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொன்னபடி உடம்பு கேட்பதில்லை, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. நீரிழிவும் மாரடைப்பும் நம் சமூகத்தில் இத்தனை குடும்பங்களில் புகுந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. “திடீரென்று எனக்கு மட்டும் ஏன்?” என்று கேட்கும் சகோதரிகளுக்கு இதுவே விடை.

நல்ல செய்தி என்னவென்றால், உள்ளே படிந்த இந்தக் கொழுப்புதான் முதலில் கரையத் தொடங்கும். ஆனால் வயிற்றை மட்டும் குறிவைத்துக் கரைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. படுத்து எழும் பயிற்சியை நூறு முறை செய்தால் வயிற்றுத் தசை பலப்படும். மேலே உள்ள கொழுப்பு அப்படியே இருக்கும். வியர்வை வரவைக்கும் இடுப்புப் பட்டையால் குறைவது தண்ணீர். ஒரு குவளை நீர் அருந்தியதும் திரும்பி வந்துவிடும். மெலிவதற்கென்று யாரோ கைமாற்றித் தரும் மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். இதயத்துக்குத் தீங்கு என்று 2010ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மீட்டுக்கொள்ளப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்து அத்தகைய பொருள்களில் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

இனி உணவு. திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதிலுள்ள பத்துக் குறட்பாக்களில் ஆறு, எப்போது எவ்வளவு உண்பது என்பதைப் பற்றியவை. மருந்தைத் தேடி வந்தவனைச் சோற்றுத் தட்டின் முன் உட்கார வைத்துவிட்டார்!

நான் முதலில் கேட்பது சோற்றைப் பற்றி அல்ல, தேநீரைப் பற்றி. கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய ஒரு குவளைத் தேநீரில் ஏறத்தாழ 150 கலோரி இருக்கும். அதைச் செலவழிக்க நடுத்தர எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். நாளைக்கு நான்கு குவளை குடிப்பவர் இரண்டு மணி நேரம் நடப்பாரா? கோப்பிக் கடையில் “தே ஓ கொசோங்” என்று கேட்டால் சீனியும் பாலும் இன்றித் தருவார்கள். முதல் வாரம் கசக்கும். பிறகு நாக்கு பழகிவிடும். ஒரேயடியாக முடியாதவர்கள் சீனியைக் குறைக்கச் சொல்லித் தொடங்கலாம். போத்தலிலும் பெட்டியிலும் வரும் பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலிருந்து ஏ முதல் டி வரை தரக்குறி உண்டு. டி என்றிருந்தால் சீனியோ கொழுப்போ மிகுதி என்று பொருள்.

“நான் சைவம், எனக்கு எப்படிக் கொழுப்பு வரும்?” என்று கேட்போர் பலர். ஐயா, சோறும் சைவம், உருளைக்கிழங்கும் சைவம், அப்பளமும் பாயசமும் பிராட்டாவும் சைவம்தான். நம் சைவ இலையில் மாவுச்சத்து நான்கு பெயர்களில் வந்து உட்கார்ந்துகொள்கிறது; புரதம் சாம்பாரின் அடியில் ஒளிந்திருக்கிறது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு சோறு, கால்பங்கு புரதம் என்பது இங்குள்ள சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014 முதல் சொல்லிவரும் அளவு. உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பருப்பு, கொண்டைக்கடலை, தௌகுவா, தெம்பே, மோர் ஆகியவை சைவர்களுக்குக் கைகொடுக்கும். தெம்பேயை எண்ணெயில் மூழ்கப் பொரித்துவிட்டால் பயனில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் 120 கலோரி இருக்கிறது. சாப்பிடும் வரிசையும் முக்கியம். காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னால் உண்டால் இரத்தச் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை.

உடற்பயிற்சிக்கு வாரத்திற்கு 150 நிமிடம் வேகநடை போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே வேகத்தின் அளவு. இரவு உணவுக்குப்பின் புளோக்கின் கீழே பத்து நிமிடம் உலவினாலும் கணக்கில் சேரும். கோயில் பிரகாரத்தை மெதுவாக வலம் வருவது புண்ணியம், ஆனால் பயிற்சிக் கணக்கில் அதைச் சேர்க்க நான் தயங்குவேன். தோப்புக்கரணம் வேறு. தொடையும் பின்புறமும் உடம்பின் மிகப்பெரிய தசைகள். உண்ட சர்க்கரையை எரிப்பவை அவைதாம். வாரத்தில் இரண்டு நாளாவது இத்தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். விநாயகர் முன் அவசரமாக மூன்று போடுவதை நிதானமாகப் பன்னிரண்டு ஆக்கிப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்து கையூன்றாமல் எழுந்தால் அதுவே போதும்.

எடை குறையவில்லையே என்று பாதியில் விட்டுவிடுவோர் சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது 2006இல் வெளிவந்தது. நீரிழிவின் வாசலில் நின்றவர்களில் வழக்கம்போல வாழ்ந்தவர்களிடையே மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாக இறங்கவில்லை.

விரதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தைப்பூசத்திற்கு 48 நாள் ஒருவேளை உணவுடன் விரதமிருந்து மெலிந்தவர்கள், காவடி இறக்கிய சில வாரங்களிலேயே பழைய இடுப்புக்குத் திரும்புவதை ஆண்டுதோறும் காண்கிறேன். முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பங்கு நீர். போதிய புரதம் இல்லாவிட்டால் பின்னர் தசையும் கரைகிறது. விரதம் முடிந்ததும் விருந்து தொடங்கினால் கொழுப்பே முதலில் திரும்பும். விரத நாளில் ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்; விரதம் முடிந்தபின் மாலைத் தேநீரையும் இரவுச் சோற்றின் அளவையும் மட்டுமாவது விரதகாலத்தில் இருந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மாலை அணியும் முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவைக் கேட்டறிய வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர்களைத் தாங்கிப் பிடித்த அனுபவம் எனக்குண்டு.

கடைசியாக அன்னதான உபயதாரர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் மனமுவந்து தரும் இலையில் பலர் வாரத்திற்கு ஒருமுறையாவது உண்கிறார்கள். தனியே வாழும் முதியோரும் அவர்களுள் உண்டு. சோற்றைக் குறைத்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களோ என்று அஞ்ச வேண்டாம். வேண்டியவர் மறுமுறை கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பதில் கீரைக் கூட்டு, அப்பளத்துக்குப் பதில் சுண்டல், பாயசத்துக்குச் சிறிய கிண்ணம், குளிர்பானத்துக்குப் பதில் நீர்மோர் என்று மாற்றினால் செலவு பெரிதாகக் கூடாது. வெள்ளரிசியில் கால்பங்கு பழுப்பரிசி கலந்தாலும் பெரும்பாலோர் குறை சொல்வதில்லை. ஆனால் அதை முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும். எனவே உபயத்துக்குப் பதிவு செய்யும்போதே அலுவலகத்திலும் சமையற்காரரிடமும் சொல்லிவிடுங்கள். அன்று காலையில் வந்து சொன்னால் அரிசி உலையில் ஏறியிருக்கும்.