ஒலிமாதிரித் தாளயந்திரமும் ஹிப் ஹொப் இசையும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது முதுமொழி. ஒலியினை எண்ணாக மாற்றும் யந்திரமும் இம்முறையையே கைக்கொள்கின்றது. ஓடுகின்ற ஒலியலையினைக் குறித்த இடைவெளிகளில் அளந்து, அவ்வளவுகளை எண்களாகப் பதிந்து, வேண்டியபோது மீண்டும் ஒலியாக்குதலே மாதிரியெடுத்தல் எனப்படும். இந்நுட்பம் ஹிப் ஹொப் இசையை உருவாக்கியவாற்றினை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆந் திகதி, நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில் நிகழ்ந்த விருந்தொன்றில், யமேக்காவிற் பிறந்த கூல் ஹேர்க் என்பார் இசைத்தட்டுக்களைச் சுழற்றினார். பாட்டு ஓய்ந்து முழவு மாத்திரம் ஒலிக்கும் இடத்திலேயே ஆடுவோர் பெரிதும் ஊக்கமடைதலை அவர் கண்டிருந்தார். ஆதலின், ஒரே தட்டின் இரு பிரதிகளை மாறி மாறி இசைத்து அச்சிறு பகுதியை நீட்டும் முறையினை வளர்த்தார். கைத்திறனால் நிகழ்ந்த இத்தொழிலையே பின்னர் யந்திரம் ஏற்றுக்கொண்டது.

1980இல் றோஜர் லின் ஆக்கிய எல். எம். 1, மெய்யான முழவொலிகளின் பதிவுகளைக் கொண்ட முதல் தாளயந்திரமாகும். எனினும், இசைப்போர் தாம் விரும்பிய ஒலியை அதிற் பதிதல் இயலாதிருந்தது. எமு நிறுவனத்தாரின் எஸ். பி. 12 (1985), எஸ். பி. 1200 (1987) என்பனவும், லின் வடிவமைத்த அக்காய் எம். பி. சி. 60 (1988) என்பதும் அக்குறையை நீக்கின. பழைய தட்டிலிருந்து ஒரேயொரு முழவடியைப் பிரித்தெடுத்துத் தம் தாளத்திற் கோக்கலாம் என மாளி மாள் போன்றோர் காட்டினர்.

எஸ். பி. 1200 செக்கனுக்கு ஏறக்குறைய 26,000 முறை ஒலியை அளக்கும். ஒவ்வோர் அளவும் 4,096 படிகளுள் ஒன்றாகும். மொத்தப் பதிவு 10 செக்கனே. ஒரு மாதிரிக்கு 2.5 செக்கனே. இவ்விடர்ப்பாட்டை வென்ற விதத்தை மாணவர் கணித்து அறிக. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலவேண்டிய தட்டினை 45 முறை சுழற்றிப் பதிந்தனர். பின்னர் யந்திரத்தில் வேகத்தைக் குறைத்தனர். இதனால், 2.5 செக்கனில் ஏறத்தாழ 3.4 செக்கன் இசை அடங்கிற்று. இச்செயலால் ஒலி சற்றுக் கரகரத்தது. அக்கரகரப்பையே கேட்போர் விரும்பினர். குறையே குணமாயிற்று.

ஆயினும், நாம் மறக்கலாகாதது ஒன்றுண்டு. ஜேம்ஸ் பிறௌணின் குழுவில் முழவிசைத்த கிளைட் ஸ்ரபிள்பீல்ட், 1969இல் 'பங்கி டிறம்மர்' எனும் பதிவிற்காக வாசித்த சில செக்கன் தாளம் பன்னூறு பாடல்களிற் புகுந்தது. பாடலாக்கியோனாக அவர் பெயர் பதியப்படாமையின், 2017இல் அவர் மறையும்வரை அவற்றால் அவர் பெற்ற ஊதியம் மிகச் சிறிதே. 1991இல் நியூயோர்க் நீதிமன்றொன்று, பிஸ் மார்க்கி என்னும் பாடகர் அநுமதியின்றி மாதிரியெடுத்தமை குற்றமெனத் தீர்த்தது. அதன்பின் உரிமையாளரிடம் விலைகொடுத்து அநுமதி பெறுதல் வழக்காயிற்று. ஆனால், உரிமையாளர் வேறு, முழவறைந்த கை வேறு.

முன்னோர் ஆக்கியதை எடுத்துப் புதியது படைத்தல் எக்கலைக்கும் இயல்பே. எடுத்த இடத்தை மறவாமையும், கொடுத்த கைக்கு உரியதை அளித்தலுமே அதனை அறமாக்குவன.