சரக்கு இருந்தால் மட்டும் போதுமா? லித்தியம் தரும் வியாபாரப் பாடம்

நம் கல்லாவின் அருகில் இருக்கும் செல்போன், கையடக்கப் பில் மெஷின், சரக்கு ஏற்றிவரும் மின்சார ஆட்டோ ஆகியவற்றின் பேட்டரிகளில் இன்று பெரும்பாலும் இருப்பது லித்தியம். உலோகங்களிலேயே எடை குறைந்தது இது. பொலிவியா, சிலி, அர்ஜென்டினா நாடுகளில் உப்புப் படுகைகளின் அடியிலுள்ள உவர்நீரில் இது கரைந்து கிடக்கிறது. நீரை மேலே ஏற்றிப் பாத்திகளில் தேக்கி, மாதக்கணக்கில் வெயிலில் வற்ற வைத்து எடுக்கிறார்கள். ஏறக்குறைய நம் உப்பள வேலைதான். இத்தொழிலில் மூவர் கண்ட அனுபவத்தை வணிகப் பெருமக்களாகிய நாம் கவனிப்பது நல்லது.

சரக்கு வைத்திருப்பவர்

பொலிவியாவின் உயூனி உப்புப் படுகை 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகப் பரப்புடையது. அந்நாட்டில் 2 கோடி டன்னுக்கு மேல் லித்தியம் இருப்பதாக அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை மதிப்பிடுகிறது. ஆனால் வெளியே வந்து விற்றது மிகச் சொற்பம். 1545-ல் இதே பகுதியின் பொதோசி மலையில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. அந்தச் செல்வம் ஸ்பெயினுக்குப் போயிற்று. அந்த நினைவு மக்களிடம் இன்றும் உண்டு. 2018-ல் ஒரு ஜெர்மன் நிறுவனத்துடன் கூட்டுத் தொழில் பேசி முடித்தார்கள். தங்களுக்கு வரும் பங்கு போதாது என்று பொதோசி மக்கள் போராடவே, 2019-ல் அது ரத்தாயிற்று. இருப்பு இருந்தும் கணக்கில் வரவு இல்லை.

இடம் குத்தகைக்கு விட்டவர்

சிலி 1979-லேயே லித்தியத்தை அரசுக்கு உரியதாக அறிவித்தது. ஆயினும் அட்டகாமா படுகையைத் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. 2018-ல் எஸ்.க்யூ.எம். நிறுவனத்துடன் திருத்திய ஒப்பந்தத்தில், விற்பனை விலை ஏற ஏற அரசின் பங்கு 6.8 சதவீதத்திலிருந்து படிப்படியாக 40 சதவீதம் வரை உயரும் என எழுதிக்கொண்டது. 2022-ல் விலை வானளவு ஏறியபோது அரசின் வருமானமும் சேர்ந்தே ஏறியது.

கடன் வாங்கி முதல் போட்டவர்

சீனாவின் தியான்சி நிறுவனம், 2018-ல் அதே எஸ்.க்யூ.எம்.-ன் ஏறத்தாழ 24 சதவீதப் பங்கை 400 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் 350 கோடி டாலர் வங்கிக் கடன். அடுத்து லித்தியம் விலை சரிந்தது. 2020-ல் கடனைக் கட்ட முடியாமல் திணறி, வேறொரு சொத்தில் பங்கை ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு விற்றுத்தான் மீண்டது. பின்னர் விலை மீண்டும் ஏறி, 2022 இறுதியில் சீனச் சந்தையில் டன் 6 லட்சம் யுவானை நெருங்கியது. ஏறத்தாழ ஓராண்டில் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது.

நாம் கற்க வேண்டியது

கிடங்கில் கிடக்கும் சரக்கு லாபம் ஆகாது. விற்றுக் கைக்கு வந்த காசுதான் லாபம். கடை வாடகையோ, ஏஜென்சியோ, கூட்டு வியாபாரமோ எதுவாயினும், விலை ஏறினால் யாருக்கு எவ்வளவு, இறங்கினால் நஷ்டம் யாருக்கு என்பதை முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்வோம். மிளகாயோ ஏலக்காயோ, விலை உச்சத்தில் நிற்கும்போது கடன் வாங்கி இருப்பு வைக்குமுன், விலை பாதியானாலும் தவணை கட்ட முடியுமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை இறங்கினாலும் வட்டி இறங்குவதில்லை.