கடல் கடந்த பிள்ளைக்கு வீடியோ காலில் வழிகாட்ட சில குறிப்புகள்

ஓய்வு பெற்ற ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்த்தவர்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் மாலை நேரம் சும்மா கிடக்கும் அம்மாக்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கென்யாவிலோ எத்தியோப்பியாவிலோ நேபாளத்திலோ படிக்கும் ஒரு பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேற்படிப்பு, வேலை, ஆங்கிலப் பேச்சு என்று கைகொடுக்க உங்களால் முடியும். நல்ல மனசு உங்களிடம் இருக்கிறது. சில நடைமுறைகளையும் தெரிந்துகொண்டால் அந்த ஒரு மணி நேரம் வீணாகாது.

1. முகநூலில் அறிமுகமானவரிடம் நேரடியாகத் தொடங்காதீர்கள். இரு பக்கத்தையும் விசாரித்துச் சேர்த்து வைக்கும் ஒரு தொண்டு நிறுவனம் அல்லது பள்ளி வழியாகவே போங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் தன்னார்வலர் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்து இணையவழிப் பணிகளுக்கு ஆள் சேர்க்கிறது. 18 வயது நிரம்பியிருந்தால் போதும், சம்பளம் கிடையாது. பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ தெரியாமல் ஒரு கால்கூட வேண்டாம். உங்கள் சொந்த எண்ணையும் உடனே கொடுத்துவிடாதீர்கள்.

2. நேரக் கணக்கை எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா, எத்தியோப்பியா எல்லாம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நேபாளம் கால் மணி நேரம் முன்னால். எத்தியோப்பியாவில் இன்னொரு சங்கதியும் உண்டு. அங்கே பகல் கணக்கு காலை ஆறு மணியிலிருந்து தொடங்குகிறது. அந்த ஊர்ப் பிள்ளை "இரண்டு மணிக்குப் பேசலாம்" என்றால் அது காலை எட்டு மணியாக இருக்கலாம், அதாவது நமக்குக் காலை பத்தரை. "உங்க ஊர்க் கணக்கா, வெளிநாட்டுக் கணக்கா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது. வங்காளதேசத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேலை நாள்.

3. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வந்து உட்காராதீர்கள். மூன்றாவது விசிலுக்கு நீங்கள் எழுந்து ஓடினால், தான் சொன்னது உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கருநிழலாகத்தான் தெரியும். போனைக் கையில் பிடிக்காமல், கண் உயரத்துக்கு வரும்படி இரண்டு எவர்சில்வர் டப்பாவை அடுக்கி அதன் மேல் சாய்த்து வையுங்கள். ஃபேன் காற்று மைக்கில் நேராகப் படக் கூடாது.

4. முதல் ஐந்து நிமிடம் முகம் பார்த்துப் பேசிவிட்டு, வீடியோவை நிறுத்திக் குரலில் தொடருங்கள். வீடியோ தின்னும் டேட்டாவில் சிறு பங்குதான் குரலுக்கு ஆகும். ஒரு நாளுக்கு, ஏன் ஒரு மணி நேரத்துக்கு என்று சின்னச் சின்ன பேக் வாங்கி ஓட்டும் பிள்ளைகள் அவர்கள். அங்கே கரண்ட் போகும், டவர் போகும். லைன் அறுந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே பேசி வையுங்கள். "பத்து நிமிஷம் காத்திருப்பேன், அப்புறம் மெசேஜ் போடுவேன்" என்று சொல்லி வைத்தால் இரண்டு பக்கமும் பதற்றம் இல்லை.

5. பெயரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலில் வருவது சொந்தப் பெயர், இரண்டாவது அப்பாவின் பெயர். மரியாதை என்று நினைத்து இரண்டாவது பெயரைச் சொன்னால் அவருடைய அப்பாவைத்தான் கூப்பிடுகிறீர்கள். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும்.

6. தலையாட்டலை நம்பாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். "சரி" என்பதற்கு நாம் தலையை இடமும் வலமும் சாய்ப்போம். பழகாதவருக்கு அது "இல்லை" என்று படும். எத்தியோப்பியாவில் "ஆமாம்" என்பதற்குப் பலர் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். ஃபோனில் கேட்கும் நமக்கு, எதையோ கண்டு திடுக்கிட்டது போல இருக்கும். பிலிப்பைன்ஸில் புருவத்தை உயர்த்தினாலே "ஆமாம்" என்றுதான் பொருள்.

7. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். பெரியவர் மனம் நோகக் கூடாது என்று "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். நம் வீட்டுப் பிள்ளைகளும் வாத்தியார் முன்னால் அப்படித்தானே? "சரி, நாளைக்குக் காலையில முதல் வேலையா என்ன செய்யப் போறே?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் நீங்கள் சொன்ன விதத்தை மாற்றுங்கள்.

8. பாடம் தெரியாதே என்று தயங்குகிறவர்கள் இதைப் படியுங்கள். 1999-இல் தில்லி கால்காஜியில் ஒரு சுவரில் கணினியைப் பதித்து, குடிசைப் பகுதிக் குழந்தைகள் தாங்களாகவே அதைப் பழகுவதைக் கவனித்தவர் சுகதா மித்ரா. பிறகு, சுனாமி தாக்கிய காளிக்குப்பம் என்ற கிராமத்துக்கு வந்தார். தமிழ் பேசும் பிள்ளைகளிடம் உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்தில், கணினியில் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லித்தர ஆசிரியர் இல்லை. இரண்டு மாதம் கழித்துச் சோதித்தபோது நூற்றுக்கு 30 அளவுக்கு எடுத்தார்கள். அதற்கு மேல் போக என்ன வழி என்று பார்த்து, பிள்ளைகளோடு பழகிவந்த ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அவருக்கு அந்தப் பாடத்தில் ஓர் அட்சரமும் தெரியாது. பாட்டிமார் செய்வதைப் போல, பிள்ளைகளின் பின்னால் நின்று வியந்து பாராட்டி, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் 50-க்கு ஏறியது. 2009-இல் மித்ரா பிரிட்டனில் ஓர் அழைப்பு விட, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் உட்படப் பலர் முன்வந்து ஸ்கைப் வழியாக இந்தியக் குழந்தைகளோடு கதை படிக்க, பேச உட்கார்ந்தார்கள். "கிரானி கிளவுட்" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

ஆகவே உங்கள் ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி அந்தப் பிள்ளை பேசட்டும். "அட, இதை எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்கும் காட்டேன்" என்று கேளுங்கள். ஆனால் பொய்ப் பாராட்டு கூடாது. பிள்ளை எழுதிக் காட்டும் கடிதத்தில் பிழை இருந்தால் இருக்கிறது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல வரியை முதலில் காட்டிவிட்டுப் பிழைக்கு வாருங்கள்.

9. நம் ஊர் அறிவுரையை அப்படியே அனுப்பாதீர்கள். இன்ஜினியரிங், நுழைவுத் தேர்வு, கோச்சிங் சென்டர் என்று நாம் அடுக்குவது அங்கே பொருந்தாமல் போகலாம். அந்த ஊரில் அந்த வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்று பிள்ளையையே விசாரித்து வரச் சொல்லுங்கள். கென்யாவில் பள்ளி இறுதித் தேர்வு அக்டோபர், நவம்பரில் நடக்கும். அந்த நாட்களில் சந்திப்பைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள்.

10. நோன்பு, பண்டிகை தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரம்ஜான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக வரும். மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் கால் போடாதீர்கள்.

11. பணம் அனுப்பாதீர்கள். இது கல்நெஞ்சம் இல்லை. ஒரு தடவை அனுப்பினால் உறவு மாறிவிடும். அடுத்த வாரம் அந்தப் பிள்ளையால் உங்களிடம் மறுத்துப் பேச முடியாது. கட்டணத்துக்கு உண்மையிலேயே தவித்தால், சேர்த்து வைத்த நிறுவனத்திடம் சொல்லுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தைச் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புங்கள்.

12. பிள்ளையின் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். "பாவம், எவ்வளவு ஏழ்மை" என்ற வரியோடு போடுவது இன்னும் மோசம். சில இடங்களில் இது ஆபத்தாகவும் முடியும். ஆப்கானிஸ்தானில் 2021-லிருந்து ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடியது. வீட்டுக்குள்ளிருந்து இணையத்தில் படிக்கும் அந்தப் பெண்ணைக் கேமராவைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பெயர், ஊர், முகம் எதையும் உங்கள் போனில் சேமிக்காதீர்கள், தோழியிடம்கூடச் சொல்லாதீர்கள்.

13. எவ்வளவு நாள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். நடுவில் கல்யாணம், காய்ச்சல் என்று வந்தால் முன்கூட்டியே சேதி அனுப்புங்கள். ஓசைப்படாமல் நின்றுபோவதுதான் இந்தப் பணியில் மிகப் பெரிய கெடுதல். முடிக்கும்போது கடைசி இரண்டு சந்திப்பை, அடுத்து யாரிடம் கேட்கலாம் என்று அந்த ஊரிலேயே உள்ள ஆசிரியர், சீனியர், நூலகர் ஆகியோரைத் தேடிக் கொடுப்பதற்கு வையுங்கள்.

வாரம் ஒரு மணி நேரம் தவறாமல் வர முடியும் என்றால் மட்டும் பெயர் கொடுங்கள். முடியும் என்றால், தயவுசெய்து இந்த வாரமே கொடுங்கள்.