சைக்கிள் பாதையும் கடைத்தெருவும்

கோலார் தங்கவயலில் பெரிய கடைத்தெரு இராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறது. மளிகை, துணி, பாத்திரம், காய்கறி எல்லாம் அங்கே கிடைக்கும். தங்கச் சுரங்கம் நடந்த காலத்தில், சம்பள நாள் வந்தால் கடைத்தெரு நிரம்பி வழியும்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு, ஆயிரக்கணக்கானோர் இரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். கடைக்காரர்களின் பிழைப்பும் மாறியது. ஒரு வாடிக்கையாளர் குறைந்தாலும் கல்லாவில் தெரியும்.

இப்படிப்பட்ட ஒரு கடைத்தெருவில் சைக்கிளுக்குத் தனிப்பாதை போடப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன பேச்சு எழும்?

"கார் நிறுத்த இடம் போய்விடும். வியாபாரம் படுத்துவிடும்" என்பார் ஒரு கடைக்காரர்.

"பிள்ளைகள் லாரிக்குப் பயப்படாமல் பள்ளிக்கூடம் போவார்களே" என்பார் ஒரு தாய்.

"என் தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது?" என்று கேட்பார் பூ விற்கும் அம்மா.

மூன்று கேள்விகளும் நியாயமானவை. ஊருக்கு ஊர் இதே பேச்சுதான் எழுகிறது. அப்படிப் பாதை போட்ட இடங்களில் என்ன நடந்தது?

கோடு மட்டும் போதாது

சைக்கிள் பாதை என்பது சாலை ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒதுக்கும் இடம். அதன் அகலம் சுமார் 2 மீட்டர். சில ஊர்களில் வெறும் கோடு போடுவார்கள். சில ஊர்களில் கல் வைத்துத் தடுப்பார்கள்.

பெங்களூரின் ஜெயநகரில் 2012-ஆம் ஆண்டு சைக்கிள் பாதை திறந்தார்கள். ஆனால் அந்தப் பாதையில் கார்களும் ஸ்கூட்டர்களும் நிற்கத் தொடங்கின. சைக்கிள்காரர்கள் மறுபடியும் நடுச் சாலைக்கே போனார்கள். பணம் செலவானது. பலன் கிடைக்கவில்லை.

பாதை போட்டால் மட்டும் போதாது. அதைக் காக்கவும் வேண்டும்.

தோண்டும் காலத்தில் கஷ்டம்

பெங்களூரில் சர்ச் தெரு என்று ஒரு கடைத்தெரு உண்டு. நீளம் சுமார் முக்கால் கிலோமீட்டர். 2017-ஆம் ஆண்டு அதைத் தோண்டினார்கள். தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி எல்லாவற்றையும் சரி செய்தார்கள். நடப்பவர்களுக்கு அகலமான இடம் விட்டார்கள். தெரு முழுவதும் கல் பதித்தார்கள்.

வேலை முடியச் சுமார் ஓர் ஆண்டு ஆனது. அதுவரை கடை வாசலில் பள்ளமும் மண்ணும் தூசியும்தான். வியாபாரம் குறைந்தது என்று கடைக்காரர்கள் குறை சொன்னார்கள்.

2018 மார்ச் மாதம் தெரு திறக்கப்பட்டது. நடந்து வரும் கூட்டம் பெருகியது. மாலை வேளையில் குடும்பமாக வந்து உலாவத் தொடங்கினார்கள்.

பெரிய கடைக்காரர் ஓர் ஆண்டு பொறுப்பார். சின்னக் கடைக்காரர் வாடகையும் வட்டியும் கட்ட வேண்டும். அவரால் அத்தனை காலம் பொறுக்க முடியுமா? ஆகவே, வேலை தொடங்கும் முன்பே சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டக்கூடாது. பகுதி பகுதியாகத் தோண்ட வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் நடைபாலம் போட வேண்டும். வேலை முடியும் நாளை எழுதி வைக்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் தோண்டக்கூடாது.

எண்ணிப் பார்த்தார்கள்

கடல் கடந்து கனடா நாட்டில் டொராண்டோ என்ற நகரம் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் நகரம் அது. அங்கே புளோர் தெரு என்று ஒரு நீண்ட கடைத்தெரு உண்டு.

2016-ஆம் ஆண்டு அதில் சுமார் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டார்கள். கார் நிறுத்தும் இடங்கள் பல போயின. "இனி யார் வருவார்கள்?" என்று கடைக்காரர்கள் கவலைப்பட்டார்கள்.

அந்த ஊரில் வெறுமனே வாதாடிக்கொண்டு இருக்கவில்லை. எண்ணிப் பார்த்தார்கள். பாதை போடும் முன்பும், போட்ட பின்பும் கடைக்காரர்களைக் கேட்டார்கள். தெருவுக்கு வந்தவர்களையும் கேட்டார்கள். "எதில் வந்தீர்கள்? மாதம் எத்தனை முறை வருகிறீர்கள்? எவ்வளவு செலவு செய்கிறீர்கள்?" என்று விசாரித்தார்கள்.

விடை வியப்பாக இருந்தது. நூற்றுக்கு 25 பேராவது காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். உண்மையில் காரில் வந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. மற்றவர்கள் நடந்தும், சைக்கிளிலும், இரயிலிலும் வந்தவர்கள்.

பாதை வந்த பின் மக்கள் அடிக்கடி வந்தார்கள். செலவும் கூடியது. சைக்கிள் பாதை போடாத இன்னொரு தெருவிலும் வியாபாரம் கூடியிருந்தது. ஆகவே, எல்லாம் பாதையால் வந்த லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் பாதையால் கடைகள் மூடிப் போகும் என்ற பயம் பலிக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு நகர மன்றம் அந்தப் பாதையை நிரந்தரமாக்கியது.

ஒரு சின்னக் கணக்கு

காரில் வரும் ஒருவர் மாதம் 2 முறை வருகிறார். ஒவ்வொரு முறையும் 1,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறார். மாதம் 2,000 ரூபாய்.

சைக்கிளில் வரும் ஒருவர் தினமும் 100 ரூபாய்க்கு வாங்குகிறார். 30 நாளில் 3,000 ரூபாய்.

ஒரு கார் நிற்கும் இடத்தில் 8 அல்லது 10 சைக்கிள்கள் நிற்கும். இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எல்லாக் கடைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. இரும்பு, சிமெண்ட், மரச்சாமான் விற்பவருக்கு லாரி வர வேண்டும். சரக்கு இறக்க அவருக்குக் காலை நேரத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

தள்ளுவண்டிக்காரருக்குச் சட்டம் உண்டு

சாலை வேலை என்றால் முதலில் விரட்டப்படுபவர் தெரு வியாபாரிதான். அவர்களைக் காக்க 2014-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன்படி தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து, சான்று தர வேண்டும். வேறு இடத்துக்கு மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

அறிவிப்பை வாசிக்கத் தெரிந்தவர் உரிமையைக் கேட்க முடியும். எழுதத் தெரிந்தவர் மனுக் கொடுக்க முடியும்.

சைக்கிளுக்கும் எழுத்தறிவுக்கும் பழைய உறவு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் ஏராளமான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். பேருந்துக்குக் காத்திராமல் தாங்களே சந்தைக்குப் போனார்கள். சைக்கிளில் வருபவரும் வாடிக்கையாளர்தான். அவரைக் கணக்கில் விட்டுவிடக் கூடாது.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். நடந்து வருபவர், சைக்கிளில் வருபவர், மோட்டார் சைக்கிளில் வருபவர், காரில் வருபவர் எத்தனை பேர்? நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள்.

2. எண்ணும் முன் ஒரு கடைக்காரரிடம் உத்தேசமாகக் கேளுங்கள். அவர் சொன்னதும் நீங்கள் எண்ணியதும் ஒத்துப்போகிறதா?

3. உங்கள் தெருவைத் தோண்ட வந்தால் நகராட்சியிடம் என்னென்ன கேட்பீர்கள்? கூடிப் பேசி ஒரு மனு எழுதுங்கள்.